பிரேக் அக்காவின் வலது கால்

பிரேக் அக்கா தன் உடம்பில் முழுதாக நம்பியது வலது காலை மட்டும்தான். கண்ணுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. இடுப்பு அவ்வப்போது முனகும். மழைக்காலம் முழுக்கத் தொண்டை கட்டிக்கொள்ளும். கால் மட்டும் அவளை ஒரு நாளும் கைவிட்டதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளின் வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று பழகுகிறவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய காலடியில். பதற்றத்தில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள், திருப்பத்தில் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கடவுளைக் கூப்பிடுகிறவர்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் என்று எத்தனையோ பேரை அந்தக் கால் முழுசாக வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தது. அவள் கத்தவே மாட்டாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்கிற குரலில் "பிரேக்" என்பாள். சொல்லி முடிப்பதற்குள் கால் அமுக்கியிருக்கும். பெயர் அப்படித்தான் வந்தது. அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே தற்செயல். ஒரு பெரிய பயிற்சி நிலையத்தில் போன் எடுக்கும் பெண்ணாகச் சேர்ந்திருந்தாள். பழக வருகிற பெண்கள் பெண் ஆசிரியரையே கேட்டு நச்சரித்ததில், உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே என்று முதலாளி ஒரு நாள் சாவியைத் தூக்கி அவள் மேசையில் போட்டார். அப்படிப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவில்லை. பிற்பாடு சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கி, வீட்டின் முன்னறையையே அலுவலகமாக்கிக்கொண்டாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, வெயில் பட்டு வெளிறிய சாலைக் குறிகளின் படம், அவ்வளவுதான். அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் அதிகம் பேசமாட்டார். உங்கள் வீட்டிலும் இரண்டு பிரேக்கா என்று யாராவது கேலி செய்தால் மட்டும், "இல்லைங்க, இங்க ஒண்ணுதான். அதுவும் அவ பக்கம்தான்" என்பார்.

அவளுக்குத் தம்பி என்றால் உயிர். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள்தான். எது கிளட்ச், எது பிரேக் என்று அவள் வாழ்க்கையில் முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்ததும் அவனுக்குத்தான். பெரிய சாலை முனையில் அவன் டயர் கடை போட்டபோது அதைத் தன் கடையாகவே நினைத்தாள். தன்னிடம் பழகிக் கார் வாங்கிய ஒவ்வொருவரிடமும் வாய்க்கு வாய் ஒரே பாட்டுத்தான்: டயரோ, காற்றோ, பஞ்சரோ, எதுவானாலும் தம்பி கடைக்குப் போங்கள், என் பெயரைச் சொல்லுங்கள். போனார்கள். பாதிக் கடை அவள் வாயாலேயே வளர்ந்தது. அவனும் அக்கா தலை தெரிந்தால் கல்லாவை விட்டு எழுந்துவிடுவான். மேலே இருப்பதை நீ பார், கீழே இருக்கிற நாலையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கடை திறந்த புதிதிலேயே சொல்லிவிட்டான். தோன்றுகிறபோது வந்து வண்டியை எடுத்துப் போவான். சாயங்காலம் கொண்டுவந்து விடும்போது டயர்கள் நாலும் கன்னங்கரேலென்று மின்னும். தெருவே திரும்பிப் பார்க்கும்.

பழக வருகிறவர்களை முதல் நாள் அவள் வண்டியில் ஏற்றமாட்டாள். முன்னறையில் உட்காரவைத்து, மேசைக்கடியிலிருந்து ஒரு டயர்த் துண்டை எடுத்து அவர்கள் மடியில் வைப்பாள். தம்பி அவளுக்கென்றே ஒரு புது டயரை அறுத்து, ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தது அது. தெருவில் குந்தி உட்கார்ந்து துணியை அழுக்காக்கிக்கொள்ளாதே, இதை வைத்துச் சொல்லிக்கொடு என்று அவன் கொண்டுவந்த அன்று, அவள் அதைக் கணவரிடம் திருப்பித் திருப்பிக் காட்டி மாய்ந்துபோனாள்.

"இந்தப் பள்ளத்துக்குள்ள நகத்த விட்டு அப்படியே இழுத்துக்கிட்டு வாங்க" என்பாள். "வழியில ஒரு சின்ன மேடு தட்டுதா? அதுதான் டயரோட நாக்கு. மேல இருக்கற ரப்பர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துடுச்சுன்னா, நான் முடிஞ்சேன், என்ன மாத்துன்னு அது சொல்லுது. அதுக்கப்புறம் பாவம் பாக்கக்கூடாது."

மழையில் அந்தப் பள்ளங்கள்தான் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுகின்றன, அவை போய்விட்டால் வண்டி தரையை விட்டுவிட்டுத் தண்ணீர்மேல் ஓடும் என்று விளக்குவாள். ரப்பருக்கும் வயது உண்டு, ஓடாமல் நின்றாலும் அது இறுகிப் போகும், குதிகாலைப் போல வெடிக்கும் என்பாள். ஒரு பக்கம் மட்டும் வழுக்கை விழுவது, பக்கவாட்டில் கொப்புளம் கிளம்புவது என்று டயரின் நோய்களை ஒரு மருத்துவச்சி மாதிரி வரிசையாகச் சொல்வாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் தன் வண்டியைத் தாண்டி உள்ளே போய்விடுவாள். அந்த டயர்களுக்குள் அவளுடைய நகம் நுழைந்து பல காலம் ஆகியிருந்தது. தம்பி பார்த்துக்கொள்கிறானே.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு தையல்கார அம்மா வந்து சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கணவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்ததால், வீட்டுக் கார் துணி போர்த்தியபடி கிடந்தது. இனி மருத்துவமனைக்குப் போக வர நான்தான் ஓட்டியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பயமாக இல்லையா என்று பிரேக் அக்கா கேட்டதற்கு, "காலம்பூரா மிஷின மிதிச்ச காலு அக்கா. இது என்ன, ஊசி இல்லாத மிஷின்தானே" என்றார். உண்மையிலேயே அது நல்ல கால். கிளட்சை இழை பிரிப்பதுபோல மெல்ல விடும் பக்குவம் அதற்குப் பழக்கத்திலேயே இருந்தது. பிரேக் அக்கா யாரையும் முகத்துக்கு நேரே புகழமாட்டாள். ஆனால் கணவரிடம் அந்த அம்மாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

ஒரு காலை, நல்ல மழை. பூங்காவை ஒட்டிய சரிவில் வண்டி இறங்கிக்கொண்டிருந்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. கீழே, நடந்து கடக்கிற கோட்டில், குடை பிடித்த ஒரு பெரியவர் காலை எடுத்து வைத்தார். தையல்கார அம்மா அவரைப் பார்த்துவிட்டார், மிதித்தார். அதே நொடி அக்காவின் காலும் இறங்கியது. இரண்டு பேர் மிதித்தும் வண்டி நிற்கவில்லை. சக்கரங்கள் சுற்றுவதை நிறுத்திக்கொண்டன, வண்டி மட்டும் ஈரத் தரையில் விழுந்த சோப்புக் கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டே போனது. பெரியவர் குடையைப் போட்டுவிட்டுப் பின்னால் சாய்ந்தார். வண்டி குடையின் மேல் ஏறி, அதன் கம்பிகளை நொறுக்கிக்கொண்டு நடைபாதையில் முட்டி நின்றது.

பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவர்தான் இவர்கள் இருவரையும் தேற்றினார், குடைதானே போனது என்று. தையல்கார அம்மா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என் காலு பிந்திடுச்சு அக்கா."

"உங்களுது இல்லைங்க" என்றாள் பிரேக் அக்கா. "என்னோடது."

அதன் பிறகு தையல்கார அம்மா வகுப்புக்கு வரவில்லை. போன் செய்தால், மிஷினை மிதித்தாலே அந்தக் கம்பிகள் ஒடிகிற சத்தம் கேட்கிறது, என்னை விட்டுவிடுங்கள் என்றார். பிரேக் அக்கா மருத்துவரிடம் போனாள். அவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் விருட்டென்று எழும்பியது. என்னையே உதைக்கிற கால் இது, இதற்கு என்ன குறை என்று அவர் சிரித்தார். அவள் நம்பவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எதிர்பாராத நேரமாகப் பார்த்து "பிரேக்" என்று சொல்லும்படி கணவரைக் கேட்டுக்கொண்டாள். பாவம், அவரும் செய்தித்தாளைப் பிடித்தபடி நடுநடுவே சொன்னார். அவள் தரையை மிதிப்பாள். சரியாக மிதித்தேனா என்பாள். சரியாகத்தான் மிதித்தாய் என்பார். நீங்கள் சும்மா சொல்கிறீர்கள் என்பாள்.

வண்டி வழுக்கிய அன்று சாயங்காலமே விஷயம் கேள்விப்பட்டுத் தம்பி வந்திருந்தான். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொல்ல, தலையைக் குனிந்தபடி கேட்டான். வாசலில் நின்ற வண்டிப் பக்கம் அவன் போகவில்லை. அடுத்த நாள் முழங்காலுக்குத் தேய்க்கிற மருந்து ஒரு குழாய் வாங்கிக்கொண்டு வந்தான். வேண்டாமென்று அவள் சொல்லச் சொல்ல, தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து தானே தேய்த்துவிட்டான்.

"வயசாகுதுல்ல அக்கா. காலு முன்ன மாதிரி இருக்குமா? போதும், விட்டுடு" என்றான்.

இந்தத் தம்பி கிடைக்க என்ன கொடுத்து வைத்தேனோ என்று அவள் அன்று அழுதாள்.

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. வண்டியை உடனே என் கடையில் விட்டுவிடு, கொஞ்சம் வேலை பார்த்து ஆளையும் பிடித்துத் தருகிறேன் என்று தம்பி அவசரப்படுத்தினான். இவ்வளவு நாள் சோறு போட்ட வண்டி, நானே கழுவிக் கொடுக்கிறேன் என்று அவள் சொல்லிவிட்டாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு வாசலில் குந்தி உட்கார்ந்தாள். மேலெல்லாம் கழுவி முடித்துச் சக்கரத்துக்கு வந்தாள். சோப்புத் தண்ணீர் பட்டதும் டயரிலிருந்து கறுப்பு கரைந்து ஓடியது. மின்னிக்கொண்டிருந்ததெல்லாம் பாலிஷ். அது போனதும் உள்ளே சாம்பல் நிறத்தில் இறுகிய ரப்பர் தெரிந்தது, ஓரம் முழுக்க மெல்லிய வெடிப்புகளோடு. கை தானாகப் பள்ளத்துக்குள் நகத்தை விட்டது. இழுத்துக்கொண்டு போனது. மேடு தட்டவில்லை. தவறவிட்டிருப்போம் என்று முதலிலிருந்து இழுத்தாள். மேடு இருக்கும் இடத்தைக் காட்டுகிற சின்ன முக்கோணம் டயரின் பக்கவாட்டில் அப்படியே இருந்தது. அதற்கு நேரே உள்ளே பார்த்தாள். மழமழவென்று ஒன்றுமே இல்லை.

உள்ளே போய் டயர்த் துண்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். துண்டில் இருந்த பள்ளம் அச்சில் வார்த்த பள்ளம், நூல் பிடித்ததுபோல் ஓடியது. வண்டி டயரில் இருந்த பள்ளம் அங்கங்கே கோணியது. அது சூடான கத்தியால் யாரோ கையாலேயே கீறியது. தேய்ந்து முடிந்த டயரில் இப்படிப் புதிதாகக் கோடு கிழித்து, கறுப்புப் பூசி விற்கிற கடைகள் உண்டு என்று அவளுக்குத் தெரியும். சொன்னதே தம்பிதான், மற்ற கடைக்காரர்களைக் கிண்டல் செய்து. கோடு கிழிக்கும்போது அந்த மேடும் சேர்ந்து அறுந்துவிடும். பிறகு அந்த டயர் எதையும் சொல்லாது. நாலு சக்கரத்தையும் பார்த்தாள். நாலும் அப்படியே. முன்சக்கரம் ஒன்றில் கத்தி ஆழமாக இறங்கி, ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் அடுக்கு வெளியே தெரிந்தது.

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கோபம்கூட உடனே வரவில்லை. கடையில் வேலை செய்கிற யாராவது அவனுக்குத் தெரியாமல் செய்திருக்கலாம் என்று ஒரு சாக்கு கிடைத்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் வாயிலிருந்து ஒரு உண்மை வந்தால் போதும், மற்றதையெல்லாம் மறந்துவிடலாம் என்று நினைத்தாள். உலர்ந்த சாலையில் நடக்கிற வேகத்தில் வண்டியை ஓட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

அவன் வழக்கம்போல எழுந்து வந்தான். சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று கையை நீட்டினான். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. வாங்க வருகிறவர் டயரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள்.

"நல்லாருக்கு, இன்னும் ஒரு மழைக்குத் தாங்கும்னு சொல்லு."

"பாத்துட்டுச் சொல்லு."

அவன் செருப்புக் காலால் முன்சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். "பாத்தாச்சு."

"நகத்த விட்டுப் பாரு."

அவன் குனியவில்லை. உள்ளே யாரோ ஒரு சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்கு யாரு சொன்னது?" என்றான்.

அவள் பிடித்துக்கொண்டிருந்த சாக்கு அந்தக் கேள்வியோடு போய்விட்டது.

"யாரும் சொல்லல. நீ அறுத்துக் குடுத்த துண்டுதான் சொல்லுச்சு."

பிறகு அவன் சொன்னான். அவளுக்கென்று எடுத்து வைத்த புது டயர்களை வாடகைக் கார் கம்பெனிக்காரர்கள் கையோடு கேட்டார்கள், இல்லையென்றால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அடுத்த லோடு வரும்வரை தாங்கட்டும் என்று பழையதில் கோடு கிழித்தான். அடுத்த லோடு வந்தபோதும் வேறு யாரோ அவசரமாக நின்றார்கள்.

"நீ அக்காதானே, கேக்கவா போறன்னு இருந்துட்டேன். உன் வண்டி முப்பதத் தாண்டுமா சொல்லு? கத்துக்குட்டிங்க ஊர்ற வண்டி."

"ஊர்ற வண்டிதான்டா. ஆனா ஊர்ல எந்த வண்டியும் என் வண்டி மாதிரி பிரேக் போடாது. மத்தவங்க டயர் ஓடி ஓடித் தேயுது. என்னோடது நின்னு நின்னு தேயுது. உனக்கு இதச் சொல்லிக்குடுத்ததே நான்தானே." அவள் குரல் ஏறவேயில்லை. "சரி, அத விடு. அன்னிக்கு வீட்டுக்கு வந்தியே. என் காலு போச்சுன்னு நான் சொன்னேன்ல. அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

அவன் சாலையைப் பார்த்தான். "நீயேதானே அக்கா காலுன்னு சொன்ன. நான் ஒண்ணும் சொல்லலியே."

"மருந்து தேச்சுவிட்டியேடா."

அவனிடம் சொல்ல வேறு நிறைய இருந்தது. இப்போதே நாலும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், இருப்பதிலேயே உசத்தி எதுவோ அது. வெளியே மூச்சுவிடாதே. இந்தக் கடையில் உன் பெயரும்தான் இருக்கிறது, சொன்னால் இரண்டு பேர் மானமும் போகும். அவன் சொன்னதில் அது மட்டும் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பெயரைச் சொல்லி வந்தவர்களின் வண்டிகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன.

அப்படியென்றால் அந்தத் தையல்கார அம்மாவுக்கு என்ன பதில் என்று கேட்டாள். தன் காலே சரியில்லை என்று அவர் மூலையில் உட்கார்ந்திருக்கிறாரே.

"அந்த வயசுல அவங்க ஓட்டாட்டி என்ன, குடியா முழுகிடும்?" என்றான் தம்பி.

அவள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். பின்னால் அக்கா, அக்கா என்று இரண்டு முறை கேட்டது. வழியெல்லாம் அவளுக்கு முழங்காலில் அந்த மருந்தின் எரிச்சல் இருப்பதுபோலவே இருந்தது. அதுவரை எட்டிக்கூடப் பார்த்திராத ஒரு கடையில் போய் நிறுத்தினாள். புது டயர்களைச் சக்கரத்தில் ஏற்றும் முன் ஒவ்வொன்றிலும் நகத்தை விட்டு இழுத்துப் பார்த்தாள். கடைக்காரருக்கு முகம் சுண்டியது. எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டார். அவள் அடுத்த டயரை எடுத்துத் தரச் சொன்னாள்.

அங்கிருந்து நேரே தையல்கார அம்மா வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் மிஷின் மூடி போட்டுக் கிடந்தது. தைக்காத சட்டைக் கைகள் நாற்காலி முதுகில் தொங்கின. ஓரத்தில் கட்டிலில் அவர் கணவர் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"உங்க காலு பிந்தல. என் காலும் பிந்தல. டயரு செத்துப்போயிருந்துச்சு. கோடு கிழிச்சு மறைச்சு வச்சிருந்தது."

"யாரு?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. கடைக்காரர்கள் என்று பன்மையில் சொல்லி நழுவியிருக்கலாம்.

"என் தம்பி" என்றாள்.

தையல்கார அம்மா நாற்காலியிலிருந்த சட்டைக் கைகளை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். ரேடியோவின் சத்தம் குறைந்தது. கட்டிலிலிருந்து கணவர், "போய் ஓட்டிட்டு வா. திரும்பி வந்து மிச்சச் சட்டைக்குக் கை வைக்கலாம்" என்றார்.

வெளியே தூறல் பிடித்திருந்தது. வண்டியில் ஏறுமுன் பிரேக் அக்கா தையல்கார அம்மாவை முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்த வைத்தாள். தானும் குந்தினாள். மேடு தட்டுகிறதா என்று கேட்டாள். தட்டுகிறது என்றார். நாலிலும் பார்த்துவிட்டு, அதே பூங்காச் சாலைக்குப் போனார்கள். சரிவில் இறங்கும்போது பிரேக் அக்கா தன் வலது காலைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். கோடு வந்தது, ஈரத்தில் பளபளத்துக்கொண்டு. தையல்கார அம்மா மிதித்தார். வண்டி கோட்டுக்கு நன்றாக முன்பே, தலையாட்டிவிட்டு நின்றது.

திரும்பும் வழி பெரிய சாலை முனைதான். கடை வாசலில் தம்பி நின்றிருந்தான். வண்டியைப் பார்த்ததும் அவன் கை பாதி உயர்ந்தது. தையல்கார அம்மாவுக்கு அவனைத் தெரியாது. துணி போர்த்திக் கிடந்த தன் வண்டியின் நினைப்பிலேயே அவர் வந்துகொண்டிருந்தார்.

"எங்க வண்டி டயரும் வெடிச்சுக் கெடக்கு அக்கா. மாத்தணும். எங்க போடலாம்?"

அந்தப் பழைய பாட்டு பிரேக் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். அவள் வாயை மூடிக்கொண்டாள். கடை பக்கக் கண்ணாடிக்குள் வந்து, சிறுத்து, போயிற்று.

"எங்க வேணா போடுங்க" என்றாள். "குனிஞ்சு பாக்கறத மட்டும் யாருகிட்டயும் விட்டுடாதீங்க. மெதுவா, இப்ப எடதுபக்கம் திரும்பணும்."